மூன்று மிளகாய்ச் சொல்

நவம்பர் 5, செவ்வாய்

இன்று மழை மணி அடிக்கப்பட்டது.

இந்த டைரியைத் திருடிப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக (அம்மா, உன்னைத்தான்) விளக்கி எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளின் கட்டடத்துக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் டீச்சர் கத்துவது டீச்சருக்கே கேட்காது. அருப்புக்கோட்டையில் மழை வருவதே வருஷத்துக்கு நாலைந்து நாள் என்பதால் இது பெரிய தொந்தரவாக யாருக்கும் தோன்றியதில்லை. மழை வலுத்தால் ஹெச்.எம். தலையசைப்பார். வேப்ப மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் பியூன் சங்கிலி அண்ணன் மழை மணி அடிப்பார். மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் விடாமல். சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம். அடித்த கையோடு சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி, வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளை ரோட்டைக் கடத்திவிடுவதும் அவர்தான். (கடத்துவது என்றால் அந்தக் கடத்தல் இல்லை.) மணிக்கும் ரோட்டுக்கும் ஒரே ஆள்.

இன்று மதியம் இரண்டு இருபதுக்கு நாலு தூறல் விழுந்தது. எண்ணினால் ஐந்து இருக்கும். மணி கேட்டது. பிள்ளைகள் ஓடினார்கள். சங்கிலி அண்ணன் கழிப்பறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். ரோட்டில் யாரும் நிற்கவில்லை.

மூன்றாம் வகுப்பு அஜ்மலின் கால் மீது ஷேர் ஆட்டோ ஏறிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பின்னால் ஓடிய அவன் வகுப்பு மல்லிகா டீச்சருக்கு, கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது.

பிசிக்ஸ் டெஸ்ட் நடக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

காலை பிரேயரிலேயே விசாரணை. சங்கிலி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அடிக்கல டீச்சர். மோட்டார் சத்தத்துல எனக்கு மணியே கேக்கல. பிள்ளைக ஓடுறதப் பாத்துதான் நானும் ஓடியாந்தேன்."

"அப்ப பேயா அடிச்சுச்சு?" என்றார் ஹெச்.எம்.

கணக்கு சார் சொன்னார்: "அது சங்கிலி கைதான் மேடம். அந்த மூணு தட்டு, நடுவுல ஒரு மூச்சு. பதினாறு வருஷமா கேக்குறோம். வேற யாருக்கு அது வரும்?"

எல்லா டீச்சர்களும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் யாரோ "ஊத்திக்கிட்டு அடிச்சிருப்பாரு" என்றான். மதியத்துக்குள் அது பள்ளிக்கூடம் முழுக்கச் செய்தியாகிவிட்டது. பதினைந்தாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. அதுவரை அவர் உள்ளே வரக்கூடாது. கூடினால் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் பீரியடில் என்னை ஹெச்.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். 'ஹெச்.எம். அறை' என்று எழுதினால் இரண்டு அர்த்தம் வருகிறது. நான் இரண்டாவதுக்குத்தான் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். தமிழ் எடுக்கும் எஸ்தர் டீச்சரும் அங்கே இருந்தார்.

"வினோதினி, மல்லிகா டீச்சர் வர பத்து நாளாகும். மூணாம் வகுப்புத் தமிழ் பீரியட நீ பாத்துக்க. ஒரே மாதிரி சொற்களோட பொருள் வேறுபாடு, அந்தப் பாடம் பாதில நிக்குது" என்றார் எஸ்தர் டீச்சர். பிறகு ஹெச்.எம்.மிடம், "ப்ளஸ் ஒன்ல வாய் ஜாஸ்தி இவளுக்குத்தான் மேடம். ஒரு தடவையாவது உருப்படியா ஆகட்டும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வெளியே வரும்போது கதவில் இடித்துக்கொண்டேன். இன்று காலைக்கஞ்சி குடிக்காததுதான் காரணம்.

நவம்பர் 7, வியாழன்

ஆஜர் 31. ஆப்சென்ட் 1.

பாடம் எடு என்றார்கள். எடுத்துவிட்டேன். கொடுக்கத்தான் வரவில்லை. முப்பத்தொரு வாய்; பாதி வாயில் முன்பல் இல்லை.

எரிச்சல், கோபம், ஆத்திரம் என்று கரும்பலகையில் எழுதினேன்.

"மூணும் ஒண்ணுதான்க்கா" என்றான் லோகித். முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கடைசி பெஞ்ச் வேலை பார்ப்பவன். இவனைப் பார்த்தால் எனக்கு என் மூன்றாம் வகுப்பு ஞாபகம் வருகிறது.

"அப்ப உங்கம்மாவுக்கு மூணும் வந்தா ஒரே மாதிரி இருப்பாங்களா?"

யோசித்தான். "இல்லக்கா. எரிச்சல்னா 'அங்கிட்டுப் போடா'ம்பாங்க. கோவம்னா கரண்டிய எடுப்பாங்க. ஆத்திரம்னா எங்கப்பாட்டப் போயிருவாங்க."

வகுப்பு உருண்டது. அதைப் பிடித்துக்கொண்டு காரக் கணக்கு ஆரம்பித்தேன். எரிச்சலுக்கு ஒரு மிளகாய். கோபத்துக்கு இரண்டு. ஆத்திரத்துக்கு மூன்று. சாக்பீஸால் வரைந்தேன். மிளகாய் வரையச் சொன்னால் எனக்கு வெண்டைக்காய்தான் வருகிறது, ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள். ஆசை ஒன்று, ஏக்கம் இரண்டு. தூறல் ஒன்று, மழை இரண்டு, பேய்மழை மூன்று. தூறல் என்று எழுதியவுடன் அழித்துவிட்டேன்.

பார்த்தல், முறைத்தல், எட்டிப்பார்த்தல் வந்தபோது ரக்சனா எழுந்தாள். முன்பல் இரண்டும் இல்லாதவள். பேசும்போது காற்றும் சேர்ந்து வரும்.

"இதுக்குக் காரம் போட முடியாதுக்கா. முறைக்கிறது கோவமா இருக்கவங்க பாக்குறது. எட்டிப்பாக்குறது திருட்டுத்தனமாப் பாக்குறது. இது வேற வேற குழம்பு."

எட்டு வயது. எனக்குப் பதினாறு. இதை நான் யோசிக்கவே இல்லை.

அவள் பக்கத்து இடத்தில் பையை வைத்திருக்கிறாள். வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. அது அஜ்மல் இடமாம்.

நவம்பர் 8, வெள்ளி

ஆஜர் 31.

தொண்டை போய்விட்டது. நாற்பது நிமிஷம் கத்திவிட்டு வந்து கெமிஸ்ட்ரியில் உட்கார்ந்தால் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. டீச்சர்கள் ஏன் எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறார்கள் என்று புரிகிறது. சிடுசிடுப்பு, ஒன்றரை மிளகாய்.

இன்று சிரிப்பு வகையறா. புன்னகை, சிரிப்பு, இளிப்பு, கெக்கலிப்பு. ஒவ்வொன்றையும் நானே நடித்துக் காட்டினேன். புன்னகைக்கு எஸ்தர் டீச்சர், இளிப்புக்குக் கணக்கு சார். வகுப்பு எனக்கு அடிமை.

"கெக்கலிக்கிறதுன்னா?" என்றேன்.

ரக்சனா: "கீழ விழுந்தவங்களப் பாத்துச் சிரிக்கிறது. அன்னைக்கு மல்லிகா டீச்சர் விழுந்தாங்கல்ல, பெரிய அக்கா அண்ணனெல்லாம் மாடியில நின்னு கெக்கலிச்சாங்க. நீங்களும் இருந்தீங்களாக்கா?"

நான் மாடியில் இல்லை. இதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த நேரத்தில் மாடியிலிருந்த யாரைக் கேட்டாலும் நான் அங்கே இல்லை என்றுதான் சொல்வார்கள்.

நவம்பர் 9, சனி

அம்மா: "என்னடி, நாலு நாளா வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? உனக்கு மேலுக்கு முடியலையா?"

அப்பா தறியிலிருந்து வந்ததும் வழக்கமாக அவருடைய முதலாளி மாதிரி பேசிக்காட்டுவேன். இன்று அவராகவே கேட்டார். "எங்க, மொதலாளி வரலையா?" முதலாளி லீவு என்றேன்.

துணி துவைத்தேன். யூனிஃபார்ம் கையில் துருக்கறை போகவே இல்லை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஒன்றுமில்லை.

நவம்பர் 11, திங்கள்

ஆஜர் 31.

எஸ்தர் டீச்சர் வாசலில் நின்று என் வகுப்பைப் பார்த்துவிட்டு, "மிளகாய் நல்ல யோசனை" என்று தோளைத் தட்டினார். அவர் போன பிறகும் தோள் கனமாகவே இருந்தது.

நடத்தல், நொண்டுதல், தத்தித்தத்தி நடத்தல், தாங்கித்தாங்கி நடத்தல். இந்தப் பட்டியல் பாட நூலில் இருப்பது. நான் தேர்ந்தெடுக்கவில்லை. ஆளுக்கொன்றாக நடித்தார்கள். லோகித் நொண்டியபடி வகுப்பை ஒரு சுற்று சுற்றிவந்து கேட்டான்: "அக்கா, அஜ்மல் வந்தா நொண்டுவானா, தாங்கித்தாங்கி நடப்பானா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டேன். வாய் பழக்கம்.

"தாங்கித்தாங்கி நடந்தா சரியாயிரும்க்கா. நொண்டுனா அப்புடியேதான்."

கரும்பலகையை அழித்தேன். ஏற்கெனவே அழித்திருந்ததையும் மறுபடி அழித்தேன். அஜ்மலின் காலில் தகடு வைத்திருக்கிறார்கள், மூன்று மாதம் ஊன்றக்கூடாது என்று மதியம் ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆஜர் 31. இதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். டிபன் பாக்ஸ் திறக்கவில்லை.

காலையில் எஸ்தர் டீச்சர், "வியாழக்கிழமை குழந்தைகள் தினம். வழக்கம்போல உன் பலகுரல்தான் கடைசி ஐட்டம். இந்தத் தடவை புதுசா என்ன வச்சிருக்க?" என்றார்.

புதுசாக ஒன்று இருக்கிறது டீச்சர். ஆனால் அதை ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

இன்றைய சொற்கள் சேட்டை, தப்பு, குற்றம். ஒன்று, இரண்டு, மூன்று மிளகாய் என்று நானே எழுதி, முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். விடுவார்களா?

லோகித்: "சேட்டைன்னா எல்லாரும் சிரிக்கணும்க்கா. ஒருத்தர் அழுதுட்டா அது தப்பு."

"அப்ப குற்றம்?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். திருட்டு. கொலை. ஹெல்மெட் போடாதது. ரக்சனா கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள். அவளைக் கூப்பிடாமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன்.

"அக்கா, எங்கண்ணன் டிவி ரிமோட்ட உடச்சுட்டான். எங்கம்மா என் தம்பிதான் உடச்சான்னு நெனச்சு அவனப் போட்டு அடிச்சாங்க. எங்கண்ணன் அதப் பாத்துக்கிட்டே முறுக்கு தின்னான். ரிமோட்ட உடச்சது தப்பு. முறுக்கு தின்னான்ல, அதுதான் குத்தம்."

"கரெக்ட்" என்றேன். மூன்று மிளகாய் வரைந்தேன். இந்தத் தடவை மிளகாய் மிளகாய் மாதிரியே வந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

ஐந்தாம் தேதி பி.டி. பீரியட். மற்றவர்கள் எல்லாம் மைதானத்தில். அடுத்த பீரியட் பிசிக்ஸ் டெஸ்ட். ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை. தூறல் விழுந்தது. சங்கிலி அண்ணனின் மணியை நான் இரண்டு வருஷமாக பெஞ்சில் ஸ்கேலால் அடித்துப் பழகியிருக்கிறேன். எல்லோருடைய குரலும் வந்துவிட்டது, கையும் வருமா என்று ஒரு ஆசை. வந்தது. மூன்று தட்டு, ஒரு மூச்சு, அப்புறம் விடாமல். அவ்வளவு கச்சிதமாக வந்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரும்புத் தடியை மரப்பொந்தில் செருகிவிட்டு மைதானத்துக்கு நடந்தேன். ஓடக்கூட இல்லை.

சின்னப் பிள்ளைகள் வெளியே வருவார்கள், கூச்சலாக இருக்கும், டெஸ்ட் நடக்காது. அதுவரைதான் யோசித்தேன். ரோட்டில் நிற்க வேண்டிய ஆள் மோட்டாரிடம் நிற்கிறார் என்பது என் யோசனையிலேயே இல்லை.

கணக்கு சார், அது வேறு ஒருத்திக்கும் வரும்.

நவம்பர் 13, புதன்

ஆஜர் 31.

இன்று பாட நூலை மூடிவைத்துவிட்டு நானே ஒன்று கேட்டேன். சாரிக்கும் மன்னிப்புக்கும் என்ன வித்தியாசம்?

"சாரின்னா இங்கிலீஷு" என்றான் லோகித்.

"சாரின்னா கால மிதிச்சுட்டா சொல்றது. மன்னிப்புன்னா அவங்க வீட்டுக்குப் போய்க் கேக்குறது. கூட பெரியவங்க வரணும்" என்றாள் ரக்சனா.

பெரியவங்க யாரையும் கூப்பிடவில்லை. நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் நானே போனேன். சங்கிலி அண்ணன் வீடு புளியம்பட்டிப் பக்கம். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சட்டை போடாமல் அவரை இதுவரை பார்த்ததில்லை. காக்கிச் சட்டை இல்லாமல் ஆள் பாதியாக இருந்தார்.

"யாரு பிள்ள?" என்று அவருடைய மனைவி வெளியே வந்தார்.

"ஸ்கூல்ல படிக்கிறேன். ப்ளஸ் ஒன்."

"பிள்ளைக என்னத்துக்கு வாரீக? வேடிக்கை பாக்கவா? மதுர ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கிட்டுப் போனாரு. அந்தப் பையனோட அத்தா வாசல்லயே மறிச்சு, மூஞ்சியப் பாக்காம திருப்பி அனுப்பிட்டாரு. எம் மகன் டியூசனுக்குப் போக மாட்டேங்குறான், குடிகாரன் மகன்னு கூப்புடுறாகளாம். இந்த மனுசன் பீடிகூடக் குடிச்சதில்ல."

"கமலா, சும்மா இரு" என்றார் அவர். "என்னம்மா, சொல்லு."

பேருந்து கண்டக்டர் மாதிரி பேசத் தெரியும், ஹெச்.எம். மாதிரி தும்மத் தெரியும். இதற்கு மட்டும் எந்தக் குரலும் வரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு மணி அடிச்சது நான்."

ராட்டை நின்றது. அவர் மனைவி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நீயா?" என்றார் சங்கிலி அண்ணன். "என்னய மாதிரியே அடிச்சியா?"

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

பிசிக்ஸ் டெஸ்ட் என்று சொன்னேன். அங்கே, அந்த நூல் குவியலுக்கு நடுவில் அதைச் சொன்னபோது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. என்னிடம் இருக்கும் சொற்களில் எதுவும் போதாது.

"மன்னிச்சிருங்கண்ணே."

அவர் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினார்.

"எட்டு நாளாச்சு பிள்ள. இப்ப வந்து எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் அடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவுகட்டப் போய்ச் சொல்லு."

"நாளைக்கு ஹெச்.எம். கிட்ட சொல்லிடுறேன்."

"ஹெச்.எம். தனியாவா என்னயக் கேட்டாக? ஆயிரம் பிள்ளைக முன்னாடி நிக்கவச்சுக் கேட்டாக. பேயா அடிச்சுச்சுன்னு கேட்டாக." ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார். "போ. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போ."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்றும் யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

ஹெச்.எம். அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு போன் போயிருக்கிறது. தறியை நிறுத்திவிட்டு வர வேண்டும்.

பத்து மணிக்கு விழா. சின்னப் பிள்ளைகள் முன்னால் தரையில், நாங்கள் பின்னால். நடனம், திருக்குறள், மாறுவேடம். கடைசியாக எஸ்தர் டீச்சர் மைக்கில், "எல்லாரும் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். நான் மேடை ஏறுவதற்குள் கைத்தட்டல். வாயைத் திறக்கும் முன்னாலேயே சிரிப்பு. நான்கு வருஷமாக இந்தச் சிரிப்புக்காகத்தான் பள்ளிக்கூடம் வருகிறேன்.

"அஞ்சாம் தேதி மழை மணி அடிச்சது நான்" என்றேன். "சங்கிலி அண்ணன் இல்ல."

சிரித்தார்கள். ப்ளஸ் டூ பக்கமிருந்து ஒருவன், "இது யாரு வாய்ஸு?" என்று கத்தினான். "பயாலஜி மிஸ்ஸு!" என்றான் இன்னொருவன். அதற்கும் சிரிப்பு.

மறுபடி சொன்னேன். பி.டி. பீரியடில், இரண்டு இருபதுக்கு, பிசிக்ஸ் டெஸ்ட் நடக்கக் கூடாது என்பதற்காக. பிசிக்ஸ் டெஸ்டுக்குத்தான் இருப்பதிலேயே பெரிய சிரிப்பு. பிசிக்ஸ் சாரே சிரித்தார். நான் அழ ஆரம்பித்திருந்தேன். அதற்கு யாரோ விசிலடித்தார்கள்.

இத்தனை வருஷம் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்: வினோதினி மேடையில் நின்றால் சிரிக்க வேண்டும். நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

முன்வரிசையில் லோகித்தும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரக்சனா அவன் வாயைத் தன் கையால் பொத்தினாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் வகுப்பு முதலில் அடங்கியது. அப்புறம் நான்கு, ஐந்து. அமைதி மெதுவாகப் பின்னால் போனது. எஸ்தர் டீச்சரின் முகத்தில் இருந்த புன்னகை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. ஹெச்.எம். எழுந்து கையசைத்தார். மைக் நின்றுவிட்டது.

மைக் இல்லாமலே கத்தினேன்: "சங்கிலி அண்ணன் அன்னைக்கு மணியத் தொடவே இல்ல. அவரு குடிக்கவும் இல்ல. அவரு மாதிரி அடிச்சது நான்தான்."

ப்ளஸ் டூவும் அடங்கிவிட்டது. தகரக் கூரையில் காக்கை நடப்பது கேட்டது. இறங்கு என்றார்கள். இறங்கினேன்.

நாளைக் கூட்டத்தில் சங்கிலி அண்ணனுக்குப் பதில் நான் நிற்க வேண்டும். டி.சி. கொடுப்பார்களா, சில வாரம் வெளியே வைப்பார்களா என்று உள்ளே பேசுகிறார்கள். அவரைத் திங்கட்கிழமை வரச் சொல்லி ஆளனுப்பச் சொன்னதும் காதில் விழுந்தது. வருவாரா என்று தெரியவில்லை. நானாக இருந்தால் வரமாட்டேன்.

இப்போதுதான் மூன்றாம் வகுப்பு வரிசையாகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனது. லோகித் என்னைப் பார்க்காமல் போனான். ரக்சனா வரிசையை விட்டு வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, நாளைக்கு க்ளாஸுக்கு வருவீங்களா?"

"தெரியல."

பாட்டில் மூடியைத் திருகினாள்.

"இன்னைக்கு அஜ்மல் லீவுல்ல?" என்றாள். "அவனுக்கு நீங்க சொன்னது கேட்டிருக்காதே."

"கேட்டிருக்காது" என்றேன்.

"எப்பச் சொல்வீங்க?"

அப்பாவின் சைக்கிள் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டுதான் மதுரைக்குப் போக வேண்டும்.